எங்கட கோட்டையும் சங்கல்லோ எண்ட பேரும்

பண்ணைப் பாலத்தால வரேக்க யாழ்ப்பாணக் கோட்டை எங்களுக்கு வெறும் மதில்தான். மேலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் ஐந்து மூலை, மூலைக்கொரு கூர்க் கொத்தளம். பீரங்கிக் குண்டைத் தாங்க இப்பிடிக் கட்டும் முறையை 15, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர்தான் வளர்த்தெடுத்தார்கள். அதில் முன்னுக்கு நிண்டது சங்கல்லோ குடும்பம்.

அது பரம்பரைப் பேர் இல்லை. ஃபுளோரன்ஸ் நகரின் சான் காலோ வாசலுக்கு வெளியே ஒரு மடத்தைக் கட்டினதால் ஜூலியானோ ஜியாம்பெர்ட்டிக்கு ஒட்டினது. 1506இல் ரோமில் லாவோகோவன் சிலை நிலத்துக்குள் கிடைத்தபோது மைக்கலாஞ்சலோவோட பார்க்கப் போன ஜூலியானோ, சின்னப் பெடியனான தன் மகன் பிரான்செஸ்கோவையும் கூட்டிப் போனார். அந்தப் பெடியன் பிறகு சிற்பியானார். சகோதரி மகன் அந்தோனியோ தாய்மாமன்மாரின் பேரையே எடுத்துக்கொண்டார். (எங்கட ஊரிலயும் மாமன் பேருக்கு மவுசுதானே!)

ரோமின் புனித பேதுரு பேராலயத்துக்குத் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்த இதே அந்தோனியோதான் ஃபுளோரன்ஸின் ஐங்கோணக் கோட்டையை வரைந்தார். 1534இல் வேலை தொடங்கியது. கட்டச் சொன்னது நகரை ஆண்ட மெடிச்சி குடும்பம். வெளி எதிரியைவிட, சொந்த நகரத்துச் சனம் எழும்பிவிடும் எண்ட பயம்தான் அவர்களுக்குப் பெரிது.

1658இல் போர்த்துக்கேயரிடம் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், பிறகு அதை ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். முருகைக்கல் எங்கட கடலுடையது, வடிவம் இத்தாலியில் பிறந்து சுத்தி வந்தது. உள்ளே 1706இல் எழுந்த தேவாலயம் போரில் அழிஞ்சு போச்சு. கோட்டைக்குள்ள இருந்து நகரத்துப் பக்கம் ஷெல் வந்த நாட்களை எங்கட அம்மா அப்பாமார் இண்டைக்கும் சொல்லுவினம்.