தென்கிழக்கே திருப்பிய ஆண்டெனாக்கள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ராஜபாளையத்துக்காரர்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சென்னைக்கும் ராஜபாளையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 500 கிலோமீட்டர். அந்த நிலையத்தின் அலைகள் அதில் கால்வாசி தூரம் வந்தாலே பெரிது.

அப்புறம் 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்தது. ஜப்பான் அரசு மானியமாகக் கொடுத்த உதவியில் கட்டியது. அதன் முக்கியமான டிரான்ஸ்மிட்டரை வைத்தது இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையில், 2524 மீட்டர் உயரத்தில். வரைபடத்தை எடுத்து, அட்சரேகை தீர்க்கரேகையைப் போட்டு நான் கணக்குப் பார்த்தேன். ராஜபாளையத்திலிருந்து அந்த மலை ஏறத்தாழ 450 கிலோமீட்டர். அதாவது நம்ம மாநிலத் தலைநகரைவிட இன்னொரு நாட்டின் மலை உச்சி நமக்குப் பக்கம்! சென்னை நிலையம் கடற்கரையில் இருக்கிறது, இதுவோ மேகத்துக்குள் நிற்கிறது.

தெற்கத்தி மாவட்டங்களில் மொட்டை மாடிதோறும் நெட்டநெடு குழாய்கள் முளைத்ததற்குக் காரணம் இதுதான். தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் படம் நன்றாகவே வந்தது. உள்ளே வர வர புள்ளி புள்ளியாக ஆகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அத்தை வீட்டில் நான் சின்னப் பையனாகப் பார்த்ததெல்லாம் முக்கால்வாசி புள்ளிதான். ஆனாலும் வாசல்வரை ஆள் உட்கார்ந்திருக்கும். சிங்களத்தில் யாரோ பேசுவார்கள், ஒரு வார்த்தை புரியாது, யாரும் எழுந்து போக மாட்டார்கள். தமிழ்ப் படம் போட்டால் அன்றைக்குத் திருவிழா.

இதில் ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. இந்தியா, இலங்கை இரண்டும் பால்-பி என்ற ஒரே முறையைத்தான் பயன்படுத்தின. அதனால் இங்கே வாங்கிய பெட்டியில் படமும் ஒலியும் எந்த மாற்றமும் இல்லாமல் வந்தன. அமெரிக்க முறையை இலங்கை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சரி, 450 கிலோமீட்டர் எப்படி வந்தது? நியாயப்படி வரவே கூடாது. விஎச்எஃப் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும், பூமி வளைவு மறைத்துவிடும். காற்றில் அலை கொஞ்சம் வளைவதையும் சேர்த்தால், எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: மீட்டரில் உயரத்தை 17-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிலோமீட்டர். பிதுருதலாகலைக்கு 207 வரும். நம்ம ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 150 மீட்டர், அதோடு 20 மீட்டர் குழாய் என்றால் இன்னொரு 54. மொத்தம் 260 சொச்சம். ஆண்டாள் கோயில் கோபுர உச்சியில் கொண்டுபோய்க் கட்டினாலும் (190 அடிக்கு மேல் உயரம் அது) ஆறு கிலோமீட்டர்தான் கூடும். இன்னும் 180 கிலோமீட்டர் துண்டு விழும்.

அந்தத் துண்டை நிரப்பியது மன்னார் வளைகுடா. கடலை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்று, அதற்கு மேலே நிலத்திலிருந்து வரும் வறண்ட சூடான காற்று என்று அடுக்கு உண்டாகும்போது, அலை மேலே தப்பிப் போகாமல் அந்த அடுக்குக்குள் வளைந்து வளைந்து வரும். கண்ணுக்குத் தெரியாத குழாய் மாதிரி. வானிலை மாறினால் அடுக்கு கலைந்துவிடும், படமும் போய்விடும். நேற்று ராத்திரி கண்ணாடி மாதிரித் தெரிந்தது இன்றைக்கு ஏன் தெரியலை என்று கேட்டு, பாவம், மாடியில் நிற்பவனைத்தான் எல்லோரும் திட்டுவார்கள்.

ஆகவே, குழாயின் உயரம் என்பதில் பாதி வீம்பு என்றுதான் நான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டு மச்சையும் தென்னை மரத்தையும் தாண்டினால் போதும். அதற்கு மேல் ஏற்றிய ஒவ்வொரு பத்தடியும் தெருவுக்குக் காட்டத்தான்.

மாட்டும் வேலையைப் பெரும்பாலும் வீட்டுக்காரர்களே செய்தார்கள். ராஜபாளையம் மில் ஊர். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து ஃபிட்டர் வேலை தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. தடித்த ஜி.ஐ. பைப்புக்குள் மெல்லிய பைப்பைச் செருகி நீட்டுவது, கைப்பிடிச் சுவரில் இரண்டு கிளாம்ப், மூன்று பக்கமும் இழுகம்பி. நான்கு பக்கம் கட்டுவார்கள் என்று நினைப்போம், 120 டிகிரி இடைவெளியில் மூன்று போதும். ஒருத்தர் குழாயைத் திருப்புவார், ஒருத்தர் படியில் நிற்பார், ஒருத்தர் டிவி முன்னால். "அண்ணாச்சி, தெரியுதா?" "இல்ல... இன்னுங் கொஞ்சம்... ஆங், விடு, விடு! போச்சு."

ஆபத்தான வேலை. தெருவில் மின்கம்பி மாடிக்குச் சமமாகப் போகும். முப்பது, நாற்பது அடி இரும்புக் குழாய் சரிந்து அதன்மேல் விழுந்தால் பிடித்திருப்பவர் பிழைப்பது அரிது. குழாய் எவ்வளவு நீளமோ அதைவிடத் தள்ளி மின்கம்பி இருக்க வேண்டும் என்பது விதி. இருபதடி அகலத் தெருவில் அந்த விதிக்கு எங்கே போவது?

உச்சியில் இருந்தது யாகி ஆண்டெனா. 1926-இல் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷிண்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் உருவாக்கியது. பெரும்பாடு பட்டவர் உடா, பெயர் யாகிக்கு. 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானிய ராணுவம் பிரிட்டிஷ் ரேடார் குறிப்பில் 'யாகி' என்ற சொல்லைப் பார்த்து, அது என்ன என்று புரியாமல் கைதிகளிடம் விசாரித்தார்களாம். தன் நாட்டுக்காரன் பெயரே தெரியலை! அதன் அளவு அலைநீளத்தைப் பொறுத்தது. 180 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 1.67 மீட்டர், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நடுக்கம்பி. பின்னால் இருப்பது சற்று நீளம், முன்னால் இருப்பவை சற்றுக் குட்டை. குட்டைப் பக்கம்தான் நிலையத்தைப் பார்க்க வேண்டும். உடா நிறுத்திய வரிசையைத்தான் நம்ம ஊர் ஃபிட்டர் அலுமினியக் குழாயில் நிறுத்தினார்.

எனக்கு உறுத்துகிற இடம் 1983. ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. தமிழ்நாடே கொதித்தது, கடையடைப்பு, ஊர்வலம். ரூபவாஹினியோ அந்த அரசின் தொலைக்காட்சி. ஆண்டெனாக்கள் இறங்கவில்லை. ஊர்வலம் போய்விட்டு வந்தவர்களும் ராத்திரி அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இதை இரட்டை வேடம் என்று சொல்ல எனக்கு மனசு வரலை. தங்கள் மொழியில் படம் காட்டுகிற பெட்டி வேறு எதுவும் அப்போது இந்தப் பக்கம் இல்லை. டெல்லி ஆசிய விளையாட்டுக்காகக் கலருக்கு மாறியதும், 1984-இல் நாடெங்கும் சிறு டிரான்ஸ்மிட்டர்கள் மளமளவென்று வந்ததும் நமக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் இந்தியைத்தான். புரியாத மொழி இரண்டில் ஒன்று அவ்வப்போது தமிழ் பேசியது.

80-களின் பிற்பகுதியில் கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகு குழாய்கள் வடக்கே திரும்பின. அதுவும் லேசில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கொடைக்கானலுக்கும் நடுவில் சதுரகிரி மலைத்தொடர் நிற்கிறது. 80 கிலோமீட்டர்தான், ஆனால் மலை மறைப்பு. பூஸ்டர் விற்றவர்களுக்கு நல்ல காலம். 1993-இல் சன் டிவி, பின்னாலேயே கேபிள், குழாய்களின் மேல் துணிக்கொடி கட்டினார்கள். 2020-களின் தொடக்கத்தில் பிரசார் பாரதி தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை ஏறக்குறைய எல்லாவற்றையும் மூடிவிட்டது.

பழைய இரும்புக்குப் போகாமல் இன்னும் சில நிற்கின்றன. உங்கள் மாடியில் துருப்பிடித்துத் திருப்ப முடியாமல் ஒன்று இருந்தால், போனில் காம்பஸைத் திறந்து அதன் குட்டைக் கம்பிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பாருங்கள். வடக்கு என்றால் கொடைக்கானல். 130 டிகிரியை ஒட்டி வந்தால் அது பிதுருதலாகலை. அப்படி ஒன்று கிடைத்தால் கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், தெருவின் பெயரோடு.