ஒரே வீட்டில் இரண்டு ஒண்ணாம் நம்பர்!

முன்னால் வீடு, பின்னால் தறிக்குடோன். சாமளாபுரம் பக்கம் இப்படி இருக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். ஹாலில் இருக்கிற வைஃபை, குடோன் சுவரைத் தாண்டாது. சரி, பரணில் கிடக்கும் பழைய ரூட்டரையே எக்ஸ்டெண்டராக நடுவில் மாட்டிவிடலாம் என்று மாட்டுகிறீர்கள். விளக்கு ஜோராக எரிகிறது. நெட் மட்டும் வருகிறது... போகிறது!

காரணம் ரொம்ப சிம்பிள். இரண்டு பெட்டிகளுக்கும் கம்பெனிக்காரன் கொடுத்த விலாசம் 192.168.1.1. ஒரே வீட்டில் இரண்டு ஒண்ணாம் நம்பர் இருந்தால், தபால்காரர் என்ன செய்வார் பாவம்!

உலகம் பூராவும் ஏன் இதே நம்பர்? அதற்கு 1977-க்குப் போக வேண்டும். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறையில் இருந்த விண்ட் செர்ஃப், நெட்வொர்க் விலாசத்துக்கு 32 பிட் போதும் என்று முடிவெடுத்தார். மொத்தம் சுமார் 429 கோடி விலாசங்கள். அன்றைக்கு உலக ஜனத்தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். தவிர, அது வெறும் பரிசோதனை என்றுதான் நினைத்தார்கள். பரிசோதனையே 1983 ஜனவரி 1 அன்று நிஜமாகிவிட்டது.

தொண்ணூறுகளில் 'விலாசம் தீர்ந்துவிடும்' என்ற பயம் வந்தது. 1994 மார்ச்சில் ஒரு யோசனை சொன்னார்கள். சொன்ன நால்வரில் ஒருவர் கிரைஸ்லர் கார் கம்பெனிக்காரர்! ஏர்போர்ட்டில் விமான நேரம் காட்டும் போர்டுக்கு எதற்கு ஊரறிந்த விலாசம்? சில நம்பர்களை ஒதுக்கிவிடுவோம். அவரவர் கட்டடத்துக்குள் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். 192.168-இல் தொடங்குபவை அப்படி ஒதுக்கியவைதான்.

மில்லில் இன்டர்காம் பார்த்திருப்பீர்களே? இந்த மில்லிலும் 21 உண்டு, பக்கத்து மில்லிலும் 21 உண்டு. சண்டை இல்லை. வெளியே போகிற லைன் மட்டும் ஒன்று, நடுவே ஆபரேட்டர். அந்த ஆபரேட்டர் வேலையை ரூட்டர் செய்யும் வித்தை 1994 மே மாதம் வெளியானது.

ஜூலையிலேயே எதிர்ப்பு கிளம்பியது. எலியட் லியர் உள்ளிட்ட நான்கு பேர், 'இது ஆபத்து. நாளைக்கு இரண்டு நெட்வொர்க் ஒன்று சேர்ந்தால் நம்பர் மோதுமே!' என்றார்கள். சாமளாபுரத்து வீட்டில் நடப்பது அச்சு அசல் அதுதானே? ஆனால் பஞ்சம் ஜெயித்தது. 1996 பிப்ரவரியில் திருத்திய விதி வந்தபோது, அதில் கையெழுத்திட்டவர்களில் லியரும் ஒருவர்! மோதலைத் தவிர்க்க, 'ஒதுக்கிய நம்பர்களில் குத்துமதிப்பாக ஒன்றை எடுங்கள்' என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். ரூட்டர் கம்பெனிகள் பல அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சரி, வைத்தியம்? பழைய ரூட்டரைத் தனியாக ஒரு கம்ப்யூட்டரோடு இணையுங்கள். செட்டிங்க்ஸில் அதன் விலாசத்தை 192.168.1.2 ஆக்குங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே கேட்டால் ஹால் ரூட்டரின் 192.168.1.1. முக்கியமாக, இதில் டிஹெச்சிபி-யை அணைத்துவிடுங்கள். வருகிற போனுக்கெல்லாம் நம்பர் கொடுப்பது அதுதான்; வீட்டுக்கு ஒருவர் கொடுத்தால் போதும். ஹால் ரூட்டர் 100-லிருந்து கொடுக்கட்டும். அப்போது 2-ஐ வேறு யாருக்கும் தூக்கிக் கொடுக்காது.

2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி விலாசங்களையும் பங்கு போட்டுவிட்டார்கள். 128 பிட்டில் புது விலாசம் வந்துவிட்டாலும் பழசு இன்னும் ஓடுகிறது. நாளைக்கே குடோனையும் திருப்பூர் ஆபீஸையும் விபிஎன் போட்டு இணைக்கப் போகிறீர்களா? இரண்டு பக்கமும் 192.168.1 இருந்தால் மறுபடி அதே மோதல்தான். இப்போதே ஒரு பக்கத்தை 192.168.47 என்று மாற்றிவிடுங்கள். 1996-இல் சொன்ன புத்திமதியை நாமாவது கேட்போமே!