கணிப்பொறிகளின் துறைமுகம்

அரசலாறு கடலிற் கலக்கும் முகத்துவாரத்தை நீங்கள் அறிவீர்கள். 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றதும் கடல் வாணிகத்தை எண்ணியே. அன்று கப்பலுக்கு ஊரும் தெரிய வேண்டும். சரக்கை இறக்க வேண்டிய துறையும் தெரிய வேண்டும்.

கணிப்பொறிகளின் உரையாடலும் இத்தகையதே. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு முகவரி உண்டு. அதில் நடைபெறும் ஒவ்வொரு பணிக்கும் ஒரு துறை எண் உண்டு. இணையப் பக்கங்களை வழங்கும் பணிக்கு 80 என்னும் எண் வழக்கிலுள்ளது. இவ்விரண்டையும் கொண்டு நிரல் திறக்கும் வாயிலுக்குச் சாக்கெட் என்று பெயர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1983-இல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பின் வழியே இம்முறை பரவியது.

வாயிலைத் திறந்து காத்திருத்தல், வந்தவரை ஏற்றல், அவர் கூறுவதைக் கேட்டல், மறுமொழி அளித்தல், முடிவில் வாயிலை அடைத்தல் ஆகிய ஐந்துமே இதன் செயல்கள். ஆனால், ஒரே வேளையில் ஆயிரவர் வந்து நின்றால் என் செய்வது? அவர்களுள் ஒருவர் இணைப்பில் கோளாறு நேர்ந்தால் ஏனையோர் கதி என்ன?

இவ்வினாவுக்கு ஒரு சிறந்த விடை தொலைபேசித் துறையிலிருந்து பிறந்தது. ஒருவர் பேச்சு அறுந்தால் ஊரார் பேச்செல்லாம் அறுதல் கூடாதன்றோ? சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் அவர்தம் தோழர்களும் 1986 முதல் எர்லாங் என்னும் மொழியை உருவாக்கினர். இது கணிதச் சார்புகளை அடிப்படையாகக் கொண்ட மொழி. 'அ என்பது 5' என்று தொடங்கினால் அக்கணக்கு முடியும்வரை அது 5-ஆகவே இருப்பதுபோல, இதிலும் ஒருமுறை பெயரிட்ட மதிப்பு பின்னர் மாறுவதில்லை. வருகின்ற ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனிப் பணியாளை அமர்த்துவதும் எளிது. அப்பணியாளர் பிறர் நினைவகத்தைத் தொடுவதில்லை. செய்தி அனுப்பியே பேசிக்கொள்வர். ஆகவே ஒருவர் வீழ்ந்தாலும் மற்றையோர் தம் பணியைத் தொடர்வர். வீழ்ந்தவரிடத்தில் மேற்பார்வையாளர் புதியவரை அமர்த்துவார்.

இத்தகைய மொழிக்கும் சோதனை வந்தது. 1998-இல் எரிக்சனின் ஒரு பிரிவு, புதிய பணிகளுக்கு இம்மொழி வேண்டா என்று விலக்கியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அதன் மூலநிரல் உலகோர் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. அதனாலன்றோ 2009-இல் தோன்றிய வாட்ஸ்அப் இம்மொழியைக் கைக்கொள்ள முடிந்தது! ஒரே கணிப்பொறியில் இருபது இலட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக அந்நிறுவனத்தார் 2012-இல் அறிவித்தனர். பாரிசிலுள்ள உறவினருக்குக் காரைக்காலிலிருந்து நாம் விடுக்கும் செய்திக்குப் பின்னால் இவ்வரலாறு நிற்கிறது.

பூட்டி வைத்த அறிவு ஓர் அறையோடு முடிந்துவிடும். பகிர்ந்த அறிவு கடல் கடந்து பயன் தரும். செய்தியை ஏற்று மறுமொழி கூறும் சிறு நிரலை எழுதப் பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். கேட்டதோடு நில்லாது நீங்களே எழுதிப் பாருங்கள்.