பாலாற்றுத் தோலும் கைப்பைக் கலையும்

காஞ்சிபுரத்தின் தென்புறத்தில் பாலாற்றை ஒட்டி அமைந்துள்ள ஓரிக்கை, பட்டுத்தறிகளாலும் காஞ்சி மகா பெரியவரின் கருங்கல் மணிமண்டபத்தாலும் அறியப்படும் ஊராகும். அவ்வூர்ப் பக்கம் வந்து சேரும் முன், மேற்கே வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடக்கும் அதே ஆறு, தோல் பதனிடுதல் என்னும் வேறொரு தொழிலுக்கும் நீர் வார்த்திருக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் பட்டு, நெய்த ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்டு உலகறிந்த கைவினையாக வளர்ந்தது; மேற்பகுதியிலோ தோல், நூறாண்டுக்கும் மேலாக அரைப்பக்குவத்தில் கப்பலேறும் சரக்காகவே இருந்தது. தோலைப் பக்குவப்படுத்தியவர் இங்கும், அதைப் பொருளாக்கியவர் கடல்கடந்தும் இருந்த இந்தப் பிரிவு நீங்கத் தொடங்கிய பிறகே, கைப்பை என்னும் எளிய பொருள் தன்னைச் செய்பவரின் கற்பனையையும் ரசனையையும் தாங்கும் வடிவமாக உருப்பெற்றது.

தோலைத் தைத்துப் பொருளாக்கும் கலை தமிழகத்தில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரின் தொழிலாளர் வரிசையில் தோல் தைப்போரையும் சேர்த்தே கூறுகிறது. பிற்காலக் கிராமங்களில் கமலைச் சாலின் வாயில் பொருத்திய தோல்வால், மாட்டுக்கான வார், செருப்பு, பறை ஆகிய அனைத்தும் இவர்களின் கைவேலையே. கிணற்று நீரை வயலுக்கு ஏற்றுவதும் திருவிழாவை ஊருக்கு அறிவிப்பதும் இவர்கள் உழைப்பின்றி நடந்திருக்க முடியாது. இருந்தும் சாதியமைப்பு அவர்களை ஊருக்குப் புறத்தே நிறுத்தியது. இறந்த மாட்டின் தோலைத் தொடுவது தீட்டு எனக் கருதப்பட்டதால், தோல்வேலையின் நுட்பமும் பேசத் தகாத ஒன்றாகிவிட்டது. கல்தச்சனுக்கும் பொற்கொல்லனுக்கும் கிடைத்த பெருமையில் ஒரு சிறுபங்குகூடத் தோல் தைத்தவருக்குக் கிட்டாமற் போனதற்கு அவர்களின் திறமைக்குறைவு காரணமன்று. அது இழைக்கப்பட்ட அநீதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் தோல் உலகச் சந்தையை அடைந்தது. 'இ.ஐ. தோல்' என்று வணிகர் வழங்கிய இச்சரக்கு, கிழக்கிந்திய வணிகத் தொடர்பால் அப்பெயர் பெற்ற, தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலாகும். தோல் ஷாப்பு என்று மக்கள் அழைத்த பதனிடும் கூடங்களில், உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைத்து, பின்பு சுண்ணாம்புக் குழியில் பல நாள் கிடத்தி மயிரைத் தளர்த்துவர். சாய்ந்த மரக்கட்டையின்மேல் தோலை விரித்து, இருகைப்பிடிக் கத்தியால் ஒருபுறம் மயிரையும் மறுபுறம் ஒட்டிய சதையையும் சீவி எடுப்பர். சுண்ணாம்பு நீங்கக் கழுவிய தோல், இடித்த ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில், மெல்லிய சாற்றிலிருந்து அடர்ந்த சாற்றுக்கு வாரக்கணக்கில் மாறி மாறிச் செல்லும். இறுதியாகக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, எண்ணெய் தடவி, நிழலில் உலர்த்துவர். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்து அவை அழுகாமல் காக்கிறது. பொங்கலுக்கு வீட்டுக் கூரையில் செருகப்படும் ஆவாரம்பூவின் செடியே, தன் பட்டையால் ஒரு மாகாணத்தின் ஏற்றுமதியைத் தாங்கி நின்றது.

முதல் உலகப்போரின்போது இத்தோல் படைவீரர் காலணிகளுக்கு இன்றியமையாததாகவே, பிரிட்டிஷ் அரசு பெருமளவில் அதைத் தானே கொள்முதல் செய்தது. அதற்குச் சற்று முன்னரே, ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 முதல் சென்னையில் குரோம் உப்பைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறையைச் சோதித்திருந்தார்; அந்தப் புதிய தொழில் வளர்ந்த இடமே இன்றும் குரோம்பேட்டை என வழங்குகிறது. வாணியம்பாடி வணிகர்கள் செல்வமும் ஈட்டினர். 1919-இல் நிறுவப்பட்ட இசுலாமியக் கல்லூரி போன்ற கல்விப்பணிகளையும் செய்தனர். தொட்டிக்குள் இறங்கி உழைத்தவர்களின் வாழ்க்கை அந்த அளவுக்கு மாறவில்லை. திண்டுக்கல் தோல் ஷாப்புகளைக் களமாகக் கொண்ட டி. செல்வராஜின் 'தோல்' நாவல், அவ்வுழைப்பாளரின் போராட்டத்தை விரிவாகப் பதிவு செய்து 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

தோல் கைப்பை கலைப்பொருளான வரலாறு இங்கன்று, வங்கத்தில் தொடங்குகிறது. இரவீந்திரநாத் தாகூர் 1922-இல் ஊரகப் புனரமைப்புக்கெனத் தொடங்கிய ஸ்ரீநிகேதனில், அவருடைய மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் தோல் கைவினைக்கு ஊக்கமளித்தனர். அங்கு உருவான பைகளுக்குத் தாவர முறையில் பதனிட்ட இ.ஐ. தோலே ஏற்றதாயிற்று. அதற்கு வலுவான காரணமுண்டு. குரோம் தோல் மென்மையாக, அழுத்தினால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் இயல்புடையது. தாவரத் தோலோ ஈரமாக்கி அழுத்திய கோட்டை உலர்ந்த பின்னும் மறவாது. எனவே கைவினைஞர் ஈரத்தோலின்மேல் கோலத்தைப் படியெடுத்து, மழுங்கிய உலோக முனையால் கோடுகளை அழுத்தி, பின்புலத்தைத் தாழ்த்திப் பூவையும் கொடியையும் மேலெழச் செய்வார். நிறம் ஏறக்கூடாத இடங்களைப் பூச்சினால் மறைத்துச் சாயமிடும் பத்திக் முறையும் இதனுடன் இணைந்தது. இறுதியில் ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, மெல்லிய தோல்வாரை ஒவ்வொரு துளையிலும் கோத்து இழுத்துப் பையை மூடுவர். இழுப்பு ஓரிடத்தில் தளர்ந்தாலும் விளிம்பு நெளிந்துவிடும் என்பதால், கையின் சீரான விசையே இங்கு அழகின் அளவுகோலாகிறது.

தமிழகத்தில் திருப்பம் சற்றுத் தாமதமாகவே வந்தது. 1948-இல் சென்னையில் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை, 1958 முதல் பல ஆண்டுகள் ஒய். நாயுடம்மா வழிநடத்தினார், தோல் ஆய்வைச் சோதனைச்சாலையிலிருந்து தொழிற்கூடத்துக்குக் கொண்டு சென்றவர்களுள் அவர் முதன்மையானவர். 1972-இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, பாதிப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தவே, நிறைவுற்ற தோலையும் தோற்பொருள்களையும் இங்கேயே செய்யவேண்டிய தேவை எழுந்தது. ஆம்பூர் காலணிகளை நோக்கி நகர்ந்தது. கைப்பைக்குத் தனிவழி கண்டது புதுச்சேரி. ஆரோவில்லைச் சார்ந்து 1978-இல் திலீப் கபூர் சிறு கைத்தொழிலாகத் தொடங்கிய 'ஹைடிசைன்', தாவரப் பதனிட்ட தோலின் இயல்பான துளைகளையும் சுருக்கங்களையும் மறைக்காமல் வெளிக்காட்டியது. பித்தளைக் கொளுவியும் அழுத்தமான தையலும் சேர்ந்த அப்பைகள் முதலில் வெளிநாட்டாரை ஈர்த்தன. அதுவரை தோலின் குறையாகக் கருதப்பட்ட பூச்சிக்கடித் தழும்பும் கழுத்துமடிப்பும், அந்த விலங்கின் வாழ்க்கை எழுதிய தடமாக மதிக்கப்பட்டன. எந்தத் தடத்தைப் பையின் முகப்பில் நிறுத்துவது, எதை மடிப்புக்குள் அனுப்புவது என்று வெட்டுபவர் தோலை விரித்துப் பார்த்து முடிவு செய்யும் கணத்தில்தான், தொழிலாளி கலைஞராகிறார்.

இவ்வளர்ச்சிக்கான விலையை ஆறே கொடுத்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28 ஆகஸ்ட் 1996 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் ஆலைகள் சூழ்ந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாக ஓர் ஆய்வு கண்டது என்றும் எடுத்துக்காட்டி, மாசுபடுத்துபவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியது. தாவரப் பதனிடலும் கழிவற்றதன்று. அதன் சாறு ஆற்றைக் கறுக்கச் செய்யும். ஆயினும் குரோமின் நச்சு அதில் இல்லை என்பதும், சிறு அளவில் நிதானமாகச் செய்யத்தக்கது என்பதும் கைவினையாளர் அதை மீண்டும் நாடுவதற்குக் காரணங்கள்.

இன்று பாலாற்றுப் படுகையில் பெரும்பாலான ஆலைகள் குரோம் முறைக்கே மாறிவிட்டன. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பகுதிகளில்தான் பழைய இ.ஐ. முறை எஞ்சியுள்ளது. புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரின் அல்லது வட்டாரத்தின் பெயரால் ஒரு பொருளுக்குத் தரப்படும் சட்டப் பாதுகாப்பு, காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்திருப்பதுபோலவே தமிழகத்தின் இ.ஐ. தோலுக்கும் கிடைத்திருக்கிறது. காஞ்சியில் அது பாதுகாப்பது தறியிலிருந்து இறங்கிய முழுப்புடவையை, இ.ஐ. தோலிலோ அப்பாதுகாப்பு பதனிட்ட மூலப்பொருளோடு நின்றுவிடுகிறது. தோலில் கோலமிட்டு வார் கோத்த பைகளுக்கான குறியீடு, சாந்திநிகேதன் தோற்பொருள்கள் என்ற பெயரில் வங்கத்திடமே உள்ளது.