லிட்டில் கிடிங்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் உள்ள குக்கிராமம். தேவாலயம் இல்லாத சிற்றூரைத்தான் அங்கே வழக்கமாக ‘ஹேம்லெட்’ என்பார்கள். இங்கே தேவாலயம் உண்டு, வீடுகள்தான் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பழைய ஆங்கில ஊர்ப்பெயர்களில் ‘இங்’ என்ற ஈறு பெரும்பாலும் ஓர் ஆளைச் சார்ந்த கூட்டத்தாரைக் குறிக்கும். அந்த வகையில் கிடிங் என்பதற்கு ‘கிட்டா என்பவனின் மக்கள்’ என்று பொருள் சொல்கிறார்கள். அடுத்தடுத்து மூன்று கிடிங்குகள் இருப்பதால் அடைமொழி தேவைப்பட்டது: பெரியது கிரேட், கோபுரத் தேவாலயம் உள்ளது ஸ்டீப்பிள், மிச்சம் லிட்டில். ஆனால் பேர் வாங்கியது என்னவோ கடைக்குட்டிதான். 1626இல் நிக்கலஸ் ஃபெரார் குடும்பத்தோடு குடியேறி இங்கே வழிபாட்டுச் சமூகம் நடத்தினார். 1936இல் வந்துபோன டி. எஸ். எலியட், 1942இல் வெளியான தம் நெடுங்கவிதைக்கு இந்த ஊர்ப்பெயரையே சூட்டினார்.