யாருடைய அறத்துக்குக் காவல்?

எங்க அப்பத்தாவுக்குத் தர்மகர்த்தா என்றால் ஒரே அர்த்தம்தான். தேங்காயை வாங்க ஆள் அனுப்பிவிட்டு, "அங்கயே நில்லு" என்கிறவர். கோச்சடை வயல்களில் நாற்று நட்டுக் காலம் கழித்தவள். அவள் நின்ற வாசல் எந்தக் கோயிலுடையது என்று எழுதப்போவதில்லை. எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

அந்தப் பதவிக்கு இன்று அறங்காவலர் என்று பெயர். எந்த அறத்துக்குக் காவல்? சட்டம் இதற்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கிறது.

1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். 1899இல் மதுரை நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின்போது சேதுபதி சமரசத்துக்கு இறங்கினார். உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. வழக்கப்படி உரிமை இல்லாதவர்களை உள்ளே விட ஒப்புக்கொள்ளும் அறங்காவலர் நம்பிக்கை மோசடி செய்தவராகிறார் என்பது அதன் சாரம். கோயில் நிலத்தை விற்றுத் தின்றாலும் மோசடி, கதவைத் திறந்தாலும் மோசடி! நாடார்களுக்கே இந்தக் கதி என்றால் அப்பத்தாவுக்கு என்ன மிச்சம்?

இதை மனதில் வைத்தால்தான் மதுரை மீனாட்சி கோயிலில் 1939 ஜூலை 8 அன்று நடந்தது புரியும். கக்கன் முதலான நம் தோழர்களும் சண்முக நாடாரும் வைத்தியநாதய்யரோடு உள்ளே போனார்கள். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். பட்டர்களில் சிலர் பூஜைக்கு வர மறுத்தார்கள். திறந்துவிட்டவர்களை வழக்கிலிருந்து காப்பாற்ற ராஜாஜி அரசு அந்த ஆண்டே சட்டம் கொண்டுவந்தது. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர் கருதினால், அரசு ஒப்புதலோடு மற்றக் கோயில்களையும் திறக்கலாம் என்றது அச்சட்டம். திறக்க'லாம்'. நம்ம உரிமை அவர் நினைப்பில் தொங்கியது. 1947இல் வந்த ஆலய நுழைவுச் சட்டத்தில்தான் அந்த 'லாம்' ஒழிந்தது.

1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 28ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொத்தைப் பார்ப்பதுபோல அறங்காவலர் கோயில் காரியத்தையும் பணத்தையும் பார்க்க வேண்டும். கோயில் வழக்கத்தையும் மதிக்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு தொடங்குவதே 1947 ஆலய நுழைவுச் சட்டத்துக்கு உட்பட்டு என்றுதான். 1908இல் மோசடியாக இருந்தது இப்போது கடமை. கோயில் நிலத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட மேலிட அனுமதி வேண்டும் என்கிறது 34ஆம் பிரிவு. அரசுத் தரப்பில் அமைக்கும் அறங்காவலர் குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவருக்கு 47ஆம் பிரிவு இடம் தருகிறது.

அந்த நாற்காலி சும்மா கிடைக்கவில்லை. அதில் உட்காரும் நம்ம ஆள் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். நிலம் எவ்வளவு, குத்தகை யார் கையில், திருவிழா மரியாதை யாருக்கு, வழக்கம் என்று சொல்லி யாரை இன்னும் ஒதுக்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு வருகிறவர் உள்ளே போயும் அப்பத்தாவோடு வாசலில்தான் நிற்கிறார்.