வஸிய்யத்: இன்றே எழுதி வைக்க வேண்டிய மரண சாசனம்

"எழுதி வைக்கிற அளவுக்கு என்னிடம் என்ன சொத்து இருக்கிறது?", "அதற்கெல்லாம் இன்னும் வயதிருக்கிறது" என்று சொல்லியே நம்மில் பலர் வஸிய்யத்தைத் தள்ளிப் போடுகிறோம். ஆனால் மவ்த் வயது பார்த்து வருவதில்லை. குடும்பத்தலைவர் போன பிறகு யாருக்கு எவ்வளவு கடன், யாருடைய நகை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குடும்பங்கள் தவிப்பதை நம் மஹல்லாக்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வஸிய்யத் செய்ய வேண்டிய விஷயம் ஏதேனும் உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக்கூடக் கழிக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. இது செல்வந்தர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல. கடனோ, பிறருடைய அமானிதமோ சாட்சியில்லாமல் தம்மிடம் இருக்குமானால் அதை எழுதி வைப்பது கட்டாயக் கடமை என்பதே அறிஞர்களின் கருத்து.

பங்குகளைத்தான் குர்ஆன் சொல்லிவிட்டதே, பிறகு வஸிய்யத் எதற்கு?

வாரிசுகளின் பங்குகளை அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய வசனங்கள் நிர்ணயித்துவிட்டன. அவற்றை மாற்ற வஸிய்யத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அதே 11, 12ஆம் வசனங்கள், வஸிய்யத்தும் கடனும் நிறைவேற்றப்பட்ட பிறகே பங்கீடு என்பதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகின்றன. வரிசை இதுதான்:

1. கஃபன், அடக்கச் செலவு
2. கடன்கள் (மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடனே)
3. வஸிய்யத், அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு
4. மீதமுள்ளது வாரிசுகளுக்கு

மூன்றில் ஒரு பங்கு என்ற எல்லை ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியிலிருந்து கிடைக்கிறது. நோயுற்றிருந்த அவர்கள் தம் சொத்தின் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றை மட்டும் அனுமதித்து, அதுவே அதிகம்தான் என்றும் கூறினார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்பது அங்கு சொல்லப்பட்ட காரணம்.

ஏற்கெனவே பங்குள்ள வாரிசுக்கு வஸிய்யத் கிடையாது. "வீடு முழுவதும் மூத்த மகனுக்கு" என்று எழுதினால், மற்ற வாரிசுகள் மரணத்துக்குப் பின் மனமுவந்து சம்மதித்தால் மட்டுமே செல்லும். பெண்மக்களின் பங்கைத் தட்டிப் பறிக்க வஸிய்யத்தைக் கருவியாக்குவது பெரும் அநீதி.

வஸிய்யத் இல்லையென்றால் யார் விடுபடுவார்கள்?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் 40 லட்சம் ரூபாய் விட்டு இறக்கிறார். அடக்கச் செலவும் கடனும் 4 லட்சம். மீதி 36 லட்சம். அவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். இன்னொரு மகன் முன்பே இறந்துவிட்டார்; அவருடைய பிள்ளைகள் இருவர் யத்தீம்களாக இருக்கிறார்கள்.

வஸிய்யத் இல்லையென்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 4.5 லட்சம். மகனுக்கு 21 லட்சம், மகளுக்கு 10.5 லட்சம். உயிருடன் ஒரு மகன் இருப்பதால் அந்தப் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை.

பாட்டனார் அவர்களுக்காக மூன்றில் ஒன்றை எழுதியிருந்தால் 12 லட்சம் அவர்களுக்குச் சேரும். மீதி 24 லட்சத்தில் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7 லட்சம். எகிப்து 1946லும் பாகிஸ்தான் 1961லும் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்காகத் தனிச்சட்டம் கொண்டுவந்தன. இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. பாட்டனாரின் பேனாதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

எடுத்து வளர்த்த பிள்ளை, இஸ்லாத்தைத் தழுவியவரின் முஸ்லிமல்லாத பெற்றோர், காலமெல்லாம் பணிவிடை செய்த உறவினர் ஆகியோருக்கும் வஸிய்யத்தின் மூலம் கொடுக்கலாம். பள்ளிவாசல், மதரஸா, ஏழை மாணவர் கல்வி போன்றவற்றுக்கும் எழுதலாம்.

சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் கவனிக்க

இந்திய நீதிமன்றங்கள் பின்பற்றும் முஸ்லிம் சட்டத்தில், தந்தை இறந்தால் மைனர் பிள்ளைகளின் சொத்துக்குத் தாய் தானாகவே காப்பாளர் ஆவதில்லை. தந்தை நியமித்தவருக்கும், அடுத்துப் பாட்டனாருக்குமே அந்த உரிமை. யாரும் இல்லையென்றால் நீதிமன்றத்தை நாட வேண்டும். ஆனால் தந்தை தம் மனைவியையே வஸிய்யத்தில் காப்பாளராக நியமிக்க முடியும். வளைகுடாவில் வேலை செய்யும் இளம் தந்தையர் இந்த ஒரு காரணத்துக்காகவே இன்று எழுதலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

* 18 வயது நிறைந்த, நல்ல மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம். ஆண், பெண் வேறுபாடு இல்லை.
* முஸ்லிம்களின் வஸிய்யத் வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். ஆனால் அதை நிரூபிப்பது கடினம். எழுதிக் கையொப்பமிட்டு, பலனடையாத இருவரின் சாட்சிக் கையொப்பம் பெறுவதே பாதுகாப்பு. மரண சாசனத்துக்கு இரு சாட்சிகளை குர்ஆனும் (5:106) குறிப்பிடுகிறது.
* முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும்.
* 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால், பின்னாளில் "இது போலி" என்ற வழக்குக்கு இடம் குறையும்.
* உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.
* வங்கியில் நாமினியாகப் பெயர் இருப்பதால் மட்டும் பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. அவர் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். பங்குப் பத்திரங்களிலும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்துள்ளது.
* 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் திருமணத்தைப் பதிவு செய்தவர்களின் சொத்து, உயில் இல்லாவிட்டால், ஷரீஅத்படி அல்லாமல் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரிக்கப்படும். எந்தச் சட்டத்தில் பதிவானது என்பதைச் சான்றிதழில் பாருங்கள்.

என்னென்ன எழுத வேண்டும்?

பெயர், முகவரி, தேதி, முந்தைய உயில்கள் ரத்து என்ற குறிப்பு, வாரிசுகளின் பெயர்கள், வீடு, நிலம், நகை, வங்கிக் கணக்கு, வெளிநாட்டுச் சேமிப்பு ஆகியவற்றின் பட்டியல், கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய கடன், அமானிதம், அடகு, கொடுபடாத மஹர், விடுபட்ட ஜகாத், நோன்புக்கான ஃபித்யா, நிறைவேற்றாத ஹஜ், மூன்றில் ஒன்றுக்குள் யாருக்கு எவ்வளவு, மைனர் பிள்ளைகளின் காப்பாளர், இவற்றையெல்லாம் நிறைவேற்றும் பொறுப்பாளர். மீதமுள்ள சொத்து ஷரீஅத் முறைப்படி பிரிக்கப்பட வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள்.

எழுதிய பின் ஓர் ஆலிமிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். பீரோவின் அடியில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும் வஸிய்யத், எழுதாத வஸிய்யத்துக்குச் சமம். குழந்தை பிறந்தால், சொத்து வாங்கினால், விற்றால், ஒருமுறை எடுத்துத் திருத்துங்கள்.

நம் கடன் தீராமலும், நம்மால் ஒரு யத்தீமின் உரிமை தவறாமலும், நம் பிள்ளைகள் நீதிமன்ற வாசலில் எதிரெதிரே நிற்காமலும் இருக்க, அல்லாஹ் நம் அனைவருக்கும் இந்தக் கடமையை உரிய நேரத்தில் நிறைவேற்றும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.